மகனுக்காக எழுதிய இலக்கணம்: ஆயர் ராபர்ட் லவுத்

படிவம் இரண்டிலோ மூன்றிலோ படிக்கும் யாருடைய ஆங்கிலக் கட்டுரைத் தாளையாவது எடுத்துப் பாருங்கள். 'ஐ ஹேவ் வென்ட்' என்று எழுதியிருந்தால், ஆசிரியரின் சிவப்பு மை அந்த இடத்தில் கட்டாயம் விழுந்திருக்கும். 'வென்ட்' அடிக்கப்பட்டு, அதன் தலைக்கு மேல் 'கான்' என்று எழுதப்பட்டிருக்கும். 'ஹேவ் ரோட்' என்றால் 'ரிட்டன்'. 'ஹேஸ் ட்ராங்க்' என்றால் 'ட்ரங்க்'. அப்புறம் வீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு போல ஒப்பிக்க வேண்டியதுதான்: கோ, வென்ட், கான், ரைட், ரோட், ரிட்டன், ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்.

இந்தச் சிவப்பு மைக்கு ஒரு வரலாறு உண்டு, மாணவர்களே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் 'ஐ ஹேவ் ரோட்' என்று எழுதியவர்களைப் படிக்காதவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஸ்விஃப்டும் அடிசனும் போன்ற பெரிய எழுத்தாளர்களே அந்த மாதிரி வடிவங்களை எழுதினார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லி, அவர்கள் எழுதிய இடத்தை எடுத்துக் காட்டி, இது தவறு என்று அச்சில் எழுதத் துணிந்தவர் ஒரு பாதிரியார். பின்னாளில் அவர் லண்டனின் ஆயராக உயர்ந்தார். அவர் பெயர் ராபர்ட் லவுத்.

1710ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி தென் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் அவர் பிறந்தார். தந்தை வில்லியம் லவுத்தும் பாதிரியார்தான். பைபிளுக்கு விளக்கவுரைகள் எழுதிய படிப்பாளி. மகன் வின்செஸ்டர் பள்ளியில் படித்து, அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரிக்குப் போனார். அந்தக் காலத்துப் பள்ளியில் இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம். பையன்கள் ஆண்டுக்கணக்கில் லத்தீன் வினைச்சொற்களை உருப்போட்டார்கள். சொந்த மொழியான ஆங்கிலத்துக்கு இலக்கணம் படிக்க வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கவே இல்லை. பால் குடிக்கும்போதே வந்த மொழிக்குப் பாடப்புத்தகம் எதற்கு என்ற எண்ணம்தான். நம் வீடுகளில் தமிழைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் அல்லவா?

லவுத் படிப்பில் கெட்டிக்காரர். 1741இல் ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைத் துறைப் பேராசிரியரானார். ஹீப்ரு மொழியில் உள்ள பைபிள் கவிதைகளைப் பற்றி 34 சொற்பொழிவுகள் ஆற்றினார், எல்லாமே லத்தீனில். 1753இல் அவை நூலாக வந்தன. ஹீப்ருக் கவிதையில் ஓர் அடியில் சொன்ன கருத்தே அடுத்த அடியில் வேறு சொற்களில் திரும்ப வரும் என்பதை அவர் விளக்கிக் காட்டிய விதம் ஐரோப்பிய அறிஞர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இன்றும் பைபிள் ஆய்வாளர்கள் அவரை நினைப்பது இதற்காகத்தான். நமக்கு வேண்டிய கதை வேறு.

1752இல் மேரி ஜாக்சன் என்ற பெண்ணை மணந்தார். மனைவியை அவர் அழைத்தது மாலி என்று. 1753 டிசம்பரில் மூத்த மகன் தாமஸ் ஹென்றி பிறந்தான். 1755இல், மாலி மறுபடி கருவுற்றிருந்த நேரத்தில், லவுத் அயர்லாந்துக்குப் போக வேண்டி வந்தது. அங்கே அரசரின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற ஹார்டிங்டன் பிரபுவுக்கு அவர் உடன் செல்லும் பாதிரியார். நடுவில் கடல். வீட்டில் ஒன்றரை வயதுப் பையன், பிரசவத்தை எதிர்நோக்கும் மனைவி. அவரால் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவது மட்டுமே, எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஜூன் மாதம் மகள் மேரி பிறந்தாள். அந்தக் கடிதங்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவை தேவைப்படும்.

அயர்லாந்தில் ஓர் ஆயர் பதவியே அவருக்குக் கிடைத்திருக்கும். அதை விட்டுக்கொடுத்து, வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் செட்ஜ்ஃபீல்ட் என்ற ஊரின் பாதிரியார் பொறுப்பை மாற்றாக வாங்கிக்கொண்டார். குடும்பத்தோடு இருக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. மகன் வளர்ந்து வந்தான். இனி அவன் லத்தீன் படிக்க வேண்டும். ஒரு சிறுவனை நேராக லத்தீன் இலக்கணத்தில் தள்ளுவதைவிட, அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்தே பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று முதலில் புரிய வைத்தால் என்ன? இப்படித்தான் லவுத் மகனுக்காக ஆங்கில இலக்கணக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். வீட்டு உபயோகத்துக்கென்று எழுதியது.

அதைப் புத்தகமாக்கியதில் ராபர்ட் டாட்ஸ்லி என்ற பதிப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த டாட்ஸ்லி சுவாரசியமான மனிதர். இளமையில் பணக்கார வீடுகளில் பணியாளராக இருந்து, எழுதிப் படித்து முன்னேறி லண்டனில் புத்தகக் கடை வைத்தவர். சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி 1755இல் வெளிவந்ததற்குப் பின்னாலும் இவருடைய தூண்டுதல் இருந்தது. அகராதி வந்துவிட்டது, இனி ஒரு நல்ல இலக்கணம் வேண்டும் என்று ஊரே எதிர்பார்த்த நேரம். ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் என்று அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஜோசஃப் பிரீஸ்ட்லிகூட 1761இல் ஓர் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு, 1762 பிப்ரவரியில், 'எ ஷார்ட் இன்ட்ரடக்‌ஷன் டு இங்கிலீஷ் கிராமர்' வெளிவந்தது. ஆசிரியர் பெயர் நூலில் இல்லை. ஆனால் எழுதியவர் யார் என்ற செய்தி விரைவில் பரவிவிட்டது.

சிறிய புத்தகம்தான். மேலே பெரிய எழுத்தில் விதி. கீழே சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு. சூடு முழுவதும் அந்த அடிக்குறிப்புகளில் இருந்தது. ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், போப், ஸ்விஃப்ட், அடிசன் என்று ஆங்கில இலக்கியத்தின் தூண்களை ஒவ்வொருவராக அழைத்து, இவர் இங்கே வழுக்கினார், அவர் அங்கே வழுக்கினார் என்று எடுத்துக் காட்டியிருந்தார் லவுத். பைபிளின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் விடவில்லை. ஒரு பாதிரியாரின் துணிச்சலைப் பாருங்கள்.

அந்த வழுக்கல்களில் அவர் நீண்ட நேரம் நின்று பேசியவற்றுள் ஒன்று, வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்.

ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைச்சொற்கள் சாதுவானவை. 'வாக்' என்றால் 'வாக்ட்', இரண்டாம் வடிவமும் அதுவே, மூன்றாம் வடிவமும் அதுவே. லவுத் காலத்துக் கணக்கில் வினைச்சொற்கள் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம்; அவற்றுள் இந்த ஒழுங்குக்கு அடங்காதவை இருநூறுக்கும் குறைவு. ஆனால் அந்த இருநூறுக்குள்தான் நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் எல்லாம் இருக்கின்றன: போவது, வருவது, சாப்பிடுவது, குடிப்பது, எழுதுவது, பேசுவது. லவுத் அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். 'கட்', 'ஹர்ட்', 'புட்' போலச் சுருங்கிப்போனவை ஒரு குடும்பம். 'பிரிங்–பிராட்', 'டீச்–டாட்' போல் முடிபவை ஒரு குடும்பம். 'ஃபால்–ஃபெல்–ஃபாலன்' போல் மூன்றாம் வடிவத்தில் 'என்' என்ற ஒலியோடு முடிபவை மூன்றாவது குடும்பம். சண்டை இந்த மூன்றாவது குடும்பத்தில்தான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்களுக்கு இறந்தகாலத்துக்கு ஒரு வடிவமும், 'ஹேவ்' போன்ற துணைவினையோடு சேர இன்னொரு வடிவமும் தெளிவாக இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போகக் கடைசி ஒலிகள் தேய்ந்தன. மக்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். 'ஹேவ் ரிட்டன்' இருந்த இடத்தில் 'ஹேவ் ரோட்', 'ஹேவ் ஸ்போக்கன்' இருந்த இடத்தில் 'ஹேவ் ஸ்போக்', 'டேக்கன்' இருந்த இடத்தில் 'டுக்'. தலைகீழாகவும் நடந்தது: 'ஹீ பிகேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஹீ பிகன்' என்றார்கள். லவுத்துக்கு இது வெறும் பழக்கக் கோளாறாகத் தெரியவில்லை. இரண்டு வேறு வேலை செய்யும் இரண்டு சொற்களை ஒன்றாக்கினால் மொழியின் ஒழுங்கே குலைந்துபோகும் என்று அவர் அஞ்சினார். நல்ல எழுத்தாளர்களே செய்கிறார்கள் என்பது அவருக்குச் சமாதானமாகப் படவில்லை. அவர்கள் செய்வதால்தான் நோய் பரவுகிறது என்று கருதினார்.

அவர் சொன்னதைத் தமிழ் தெரிந்த நமக்குப் புரிந்துகொள்வது மிக எளிது. 'எழுதினேன்' என்பது முற்று, தனியாக நிற்கும். 'எழுதி' என்பது எச்சம். தனியாக நிற்காது, 'எழுதியிருக்கிறேன்' என்று இன்னொரு வினையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். 'எழுதினேன் இருக்கிறேன்' என்று நாலு வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. 'ரோட்' என்பது 'எழுதினேன்' மாதிரி. 'ரிட்டன்' என்பது 'எழுதி' மாதிரி. ஆகவே 'ஐ ஹேவ் ரோட்' என்பது 'எழுதினேன் இருக்கிறேன்' என்பதற்குச் சமம். 'வென்ட்' என்பது 'போனேன்', 'கான்' என்பது 'போய்'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போதும் இதே கணக்குத்தான்: 'உடைந்த நாற்காலி' என்றுதான் சொல்வோம், 'உடைந்தது நாற்காலி' என்றால் பொருளே வேறு. அதனால் 'புரோக்கன் சேர்'. இரு மொழிகளின் இலக்கணமும் எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது என்றாலும், இந்த ஓர் இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. மலாய் மொழியில் 'பெர்கி' என்ற சொல் 'சுடா பெர்கி' என்றானாலும் மாறுவதில்லை. பள்ளியில் மூன்று மொழியோடும் மல்லுக்கட்டும் நம் பிள்ளைகள் 'ஹேவ் வென்ட்' என்று தடுமாறுவதில் வியப்பு என்ன?

லவுத் சொன்ன எல்லாமே நிலைத்துவிடவில்லை. 'சிட்' என்ற சொல்லுக்கு மூன்றாம் வடிவம் 'சிட்டன்' என்றுதான் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். ஒரு காலத்தில் வழக்கில் இருந்த வடிவம் அது. குடும்ப ஒழுங்குப்படி அதுதான் சரி. ஆனால் யாரும் கேட்கவில்லை. இன்று 'ஐ ஹேவ் சிட்டன்' என்று எழுதினால் அதன்மேலும் சிவப்பு மைதான் விழும். 'ஹோல்ட்' என்பதன் பழைய 'ஹோல்டன்' வழக்கொழிந்து 'ஹெல்ட்' ஒன்றே நின்றுவிட்டது. 'கெட்' என்பதற்கு 'காட்டன்' என்ற வடிவத்தை பிரிட்டன் கைவிட்டது. அமெரிக்கர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள். எனவே, லவுத் ஒருவரே 'ரிட்டன்' என்ற சொல்லைக் காப்பாற்றினார் என்று சொன்னால் அது மிகைதான். எழுதுகிறவர்களிடையே அந்தப் பக்கம் சாயும் போக்கு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். அவர் அதற்குப் பட்டியலும் காரணமும் கொடுத்தார். பிறகு வந்த லிண்ட்லி மரே என்ற அமெரிக்கர், இங்கிலாந்தின் யார்க் நகருக்கருகே குடியேறி, 1795இல் எழுதிய பள்ளி இலக்கணத்தில் லவுத்தின் கருத்துகளை அப்படியே பெருமளவு எடுத்துச் சேர்த்தார். அந்தப் புத்தகம் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பள்ளி பள்ளியாகப் போய்ச் சேர்ந்தது. தாமஸ் ஹென்றிக்காக எழுதத் தொடங்கிய பாடம் பிறர் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த வழி இதுதான்.

பள்ளிக்கே சரியாகப் போகாத ஒருவர் கையிலும் லவுத்தின் புத்தகம் கிடைத்தது. வில்லியம் காபெட், சரே மாவட்டத்து விவசாயியின் மகன். 1784இல் படையில் சேர்ந்து சாத்தம் நகர முகாமில் இருந்தார். நாளொன்றுக்குச் சம்பளம் ஆறு பென்ஸ். படைவீரரின் படுக்கை விளிம்புதான் அவருக்கு நாற்காலி, தோள்பைதான் புத்தக அலமாரி, மடியில் வைத்த பலகைதான் மேசை. மெழுகுவர்த்தி வாங்கக் காசில்லாத குளிர்கால இரவுகளில் அடுப்பு நெருப்பின் வெளிச்சத்தில் படித்தார். லவுத்தின் இலக்கணம் முழுவதையும் கையால் இரண்டு மூன்று முறை பெயர்த்தெழுதினார். பிறகு மனப்பாடம் செய்தார். இரவுக் காவலுக்கு நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு தடவை தனக்குத் தானே ஒப்பித்துவிடுவார். துப்பாக்கியோடு இருட்டில் நின்றுகொண்டு வினைச்சொல் வடிவங்களை முணுமுணுக்கும் ஓர் இளைஞர்!

காபெட்டுக்கு எதற்கு இந்தப் பாடு? அன்றைய இங்கிலாந்தில் ஒருவர் எழுதும் மனுவில் இலக்கணப் பிழை இருந்தால், எழுதிய விஷயம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஏளனத்துக்கு ஆளாகும். படித்த கனவான்கள் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஏழை வீட்டுப் பிள்ளை 'ஹேவ் ரோட்' என்று எழுதினால் அது அவனுடைய பிறப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். காபெட் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். பின்னாளில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற பத்திரிகையாளராகி, அதிகாரத்தில் இருப்பவர்களைக் கிழித்தெழுதினார். 1818இல் தன் மகன் ஜேம்சுக்குக் கடிதங்கள் வடிவில் சொந்தமாக ஓர் ஆங்கில இலக்கணமும் எழுதினார். அதில் படித்த பெரியவர்களின் பிழைகளைப் பொறுக்கியெடுத்துக் காட்டினார். லவுத்திடம் கற்ற வித்தை அது.

லவுத்தின் பிற்கால வாழ்க்கை வெளியிலிருந்து பார்த்தால் ஏறுமுகம்தான். 1766இல் ஆயரானார், முதலில் வேல்ஸில் செயின்ட் டேவிட்ஸ், அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்ட். 1777இல் லண்டன். வீட்டுக்குள் நடந்தது வேறு. அயர்லாந்திலிருந்து அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாளில் பிறந்த மகள் மேரி, 1768இல் 13 வயதில் இறந்தாள். அவள் கல்லறைக்கு அவர் லத்தீனில் எழுதிய சில வரிகள் அந்தக் காலத்தில் பலரும் அறிந்திருந்தவை. 1778இல் மூத்த மகன் தாமஸ் ஹென்றி போனான். வயது 24. எவனுடைய சின்னக் கைக்காக அந்த இலக்கணம் எழுதப்பட்டதோ அவன். புத்தகம் பதிப்புக்குமேல் பதிப்பாக வந்துகொண்டிருந்தது. 1783இல் இன்னொரு மகள் ஃபிரான்சஸ், விருந்தினருக்குத் தேநீர் மேசையில் கோப்பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிர்விட்டாள். அதே ஆண்டுதான், இங்கிலாந்துத் திருச்சபையிலேயே மிக உயர்ந்த கேன்டர்பரி பேராயர் பதவியை ஏற்கும்படி அழைப்பு வந்தது. உடல்நலம் இடங்கொடாது என்று மறுத்துவிட்டார். 1787 நவம்பர் 3ஆம் தேதி, லண்டன் ஆயரின் இல்லமான ஃபுல்ஹம் மாளிகையில் காலமானார்.

இறந்தபின் அவருக்குக் கிடைத்த பெயர் கொஞ்சம் விசித்திரமானது. ஆங்கில இலக்கணத்தில் பிள்ளைகளை வாட்டும் விதிகளுக்கெல்லாம் அவர்தான் காரணம் என்று சொல்லும் வழக்கம் வந்தது. வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் முடிக்கவே கூடாது என்று அவர் தடைபோட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் அவர், பேச்சில் அது இயல்பு, உயர்ந்த நடைக்குத்தான் வேறு அமைப்பு பொருந்தும் என்றார். அதைச் சொல்லும் வாக்கியத்திலேயே ஒரு முன்னிடைச் சொல்லைக் கடைசியில் தொங்கவிட்டிருந்தார். வேண்டுமென்றே செய்த குறும்பா தெரியாமல் வந்ததா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் காலத்தில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மொழியியலாளர் இங்கிரிட் டீக்கன்-பூன் வான் ஒஸ்டாட் பல ஆண்டுகள் லவுத்தின் கடிதங்களைத் தேடிப் படித்து, 2011இல் அவருடைய இலக்கணத்தைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார். அவர் கண்டுபிடித்தவற்றுள் ஒன்று இது: மேலிடத்துப் பெரியவர்களுக்கு எழுதும்போது லவுத் மூன்றாம் வடிவத்தைக் கவனமாகக் கையாண்டார். நெருங்கியவர்களுக்கு எழுதும்போது கை தளர்ந்தது. 1755இல் அயர்லாந்திலிருந்து மாலிக்கு எழுதிய கடிதங்களில், 'ரிட்டன்' என்று வரவேண்டிய இடத்தில் அவரே 'ரோட்' என்று எழுதியிருக்கிறார். ஏழே ஆண்டுகள் கழித்து அச்சில் எதைப் பிழையென்று ஸ்விஃப்டையும் அடிசனையும் நிறுத்திக் கேட்டாரோ, அதே வடிவம். அன்றைய படித்தவர்கள் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள், எழுதினார்கள்; அவருடைய வீட்டிலும் அப்படியே.

அந்தக் கடிதங்கள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மனைவிக்கு எழுதிய அந்த வரிகளில் 'ரோட்' என்பது திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறது.